ரெங்கத்துச் சாம்பாரும் மாப்பிள்ளையின் காலைக் கூட்டமும்

என் தங்கை சரோஜா போனில் அழுகிறவள் இல்லை. கல்யாணமாகி மலேசியா போன புதிதில்கூட, "இங்க சோறு வேற மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லிச் சிரித்தவள்தான். அவள் போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அழுதாள். "அவரு வேலைய விட்டுடப் போறேன்றாருண்ணே. பொறந்ததிலிருந்து ஒரு வேலைதான் பார்த்திருக்காரு. விட்டுட்டு வீட்ல உக்காந்தா மனுசன் என்னத்துக்கு ஆவாரு? நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்க லா" என்றாள். அந்த மலேசிய 'லா'வைக் கேட்டதும், நான் முன்பு இருந்த ஜொகூர் எனக்கு மூக்கில் மணத்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அறந்தாங்கியில் சின்னதாக ஒரு பலகாரக் கடை வைத்திருக்கிறேன். வாலிப வயதில் ஆறு வருடம் ஜொகூரில், குளுவாங் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாம்பார் வைப்பது முதல் தேநீர் ஆற்றுவது வரை எல்லா வேலையும் பார்த்தேன். அந்தக் கடைக்கு தினமும் சாப்பிட வந்த குணசேகரன்தான் பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையானார். ஆகவே இந்தக் கல்யாணத்துக்கு அவர்கள் இருவரைவிட நான்தான் அதிகம் பொறுப்பு. கடையை மகனிடம் விட்டேன். முருகன் சன்னதியில் ஒரு தேங்காய் உடைத்தேன். அப்பளம், மணத்தக்காளி வத்தல், விபூதிப் பொட்டலம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாளே என் தலைக்கனத்துக்குத் தண்டனை கிடைத்தது. ஜொகூரில் இறங்கி லார்க்கின் பேருந்து நிலையத்தில், எனக்குத்தான் மலாய் தெரியுமே என்று யாரையும் கேட்காமல் ஒரு பேருந்தில் ஏறினேன். தங்கை வீடு இருக்கிற கூலாய் வருகிறது, வருகிறது என்று பார்த்தால் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான் ஓடுகிறது. எழுந்துபோய் ஓட்டுநரிடம் மலாயில் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்த வண்டி கூலாய்க்குள் போகாது அங்கிள். உங்கள் மலாய் என் தாத்தா பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றார். பேருந்தே சிரித்தது.

ஆயர் ஈத்தாமில் இறக்கிவிட்டார்கள். அவித்த சோளம் விற்ற ஒரு மலாய்க்கார அம்மாள் நாற்காலி போட்டுக் கொடுத்தார். முன்னொரு காலத்தில் குளுவாங்கில் இருந்தவன் நான் என்று சொன்னேன். "அப்படியா, இத்தனை வருடம் எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டார், ஏதோ நான் பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தாமதமாக வந்தவன் மாதிரி. சோளம் தின்றுகொண்டே இருந்தேன். போன் போட்டு முக்கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளை காரில் வந்தார். ஐம்பத்துநாலு வயது. தலை நன்றாக நரைத்திருந்தது. "வாங்க மச்சான், இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தா கோலாலம்பூரே பார்த்திருப்பீங்க" என்றார். வேலையைப் பற்றி நான் வாயைத் திறந்ததும், "அத மட்டும் பேசாதீங்க. அடுத்த வெள்ளிக்கெழம கடுதாசி கொடுக்கப் போறேன். முடிவு பண்ணிட்டேன்" என்றார். கார் கூலாய் போய்ச் சேரும் வரை வானொலிதான் பேசியது.

மாப்பிள்ளையின் வேலை கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது. செனாய் பக்கம் ஒரு கம்பெனி. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறார், மூன்று நாள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வேலை. மறுநாள் காலையில்தான் அவருடைய நோவு என்னவென்று கண்ணால் பார்த்தேன். குளித்து, சாமி கும்பிட்டு, விபூதி பூசி, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கைலியுமாக ஒன்பது மணிக்கு லேப்டாப் முன்னால் எழுந்து நின்றார். உட்காரக் கூடாதாம். திரையில் ஏழெட்டு முகங்கள், எல்லாரும் நின்றுகொண்டு. ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், என்ன தடை என்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நடந்தது. அடுப்படியிலிருந்து சரோஜா எனக்குக் கிசுகிசுவென்று தமிழில் சொன்னாள். மாப்பிள்ளையின் முறை வந்தது. "நேத்து இணைப்பு வேலை. இன்னைக்கும் இணைப்பு வேலை. தடை எதுவும் இல்ல" என்றார். அவ்வளவுதான். பதினைந்து நிமிடக் கூட்டம் என்று சொன்னார்கள். முக்கால் மணி நேரம் ஓடியது. எனக்கே கால் கடுத்தது.

இதற்குப் பெயர் அஜைல் என்று அன்று மாலை தேநீர் குடிக்கும்போது, நான் கேட்காமலே அவராகச் சொன்னார். முன்னெல்லாம் வாடிக்கையாளர் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். இவர்கள் ஆறு மாதமோ எட்டு மாதமோ உட்கார்ந்து முழுவதையும் முடித்துக் கொடுப்பார்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, செய்த வரைக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், இலை நிறையப் பரிமாறிவிட்டு ஒதுங்கி நிற்பது பழைய முறை. ஒவ்வொரு கறியாக வைத்து, "காரம் சரியா, அடுத்தது என்ன வைக்கட்டும்" என்று கேட்பது புது முறை. கேட்க நல்லதாகத்தான் இருந்தது. நான் அப்படியே சொல்லியும் விட்டேன்.

மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். "யோசன நல்லதுதான் மச்சான். நான் இல்லன்னு சொல்லல. மேலேருந்து உத்தரவு வந்துச்சு, ரெண்டு நாள் கிளாஸ் எடுத்தாங்க, சுவத்துல கலர் கலரா சீட்டு ஒட்டுனாங்க. ஆனா யாரும் மாறல. அந்தப் பொண்ணு மெய் லிங், எங்க டீமுக்கு லீடர், இருபத்தெட்டு வயசு. பேரு கூப்புடுது, ஒவ்வொருத்தரா சொல்றோம், அது எழுதிக்குது. ஒருத்தரோட ஒருத்தர் எங்க பேசுறோம்? இது பெரட்டுதான்."

பெரட்டு என்றால் எனக்குத் தெரியும். தோட்டத்தில் விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்க, மண்டோர் என்கிற கங்காணி பெயர் வாசித்து வேலை பிரிப்பார். மாப்பிள்ளையின் தகப்பனார் ரெங்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் அந்த வரிசையில் நின்றவர்.

"நான் படிச்சதே அந்த வரிசையில நிக்கக் கூடாதுன்னுதான்" என்றார் மாப்பிள்ளை. சமாதானம் பேச வந்தவன், அவர் பக்கமே சாய்ந்துவிட்டேன். சரோஜா என்னை முறைத்தாள்.

சனிக்கிழமை நான் மட்டும் ரயிலேறிக் குளுவாங் போனேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். வாசல் தூணை மட்டும் அடையாளம் தெரிந்தது. அந்தத் தூணோரத்து மேசைதான் மாப்பிள்ளையின் மேசை. பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைத் தின்றுகொண்டே, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் கம்ப்யூட்டர் தாளை மடித்து வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். நான் தேநீர் வைக்கப் போனால், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கையை வைத்து மறைத்துக்கொள்வார். எனக்கு என்ன புரியப் போகிறது! ஆனாலும் மறைப்பார். ஒருநாள் திடீரென்று தாளைச் சுருட்டிக் கட்டி, "முடிஞ்சிருச்சு. ஒரு மைலோ போடுங்க" என்பார். அந்த முகத்தில் இருந்த பிரகாசத்தைப் பார்த்துத்தான் இவனுக்கு என் தங்கையைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கூலாயில் வீடு வாங்கியபோதும் சாவி கையில் வந்த பிறகுதான் சொன்னார். அரைகுறையாக எதையும் யாருக்கும் காட்டாத மனிதர். அவரைப் போய் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைகுறையாகக் காட்டச் சொன்னால்?

உறைக் கடைக்காரப் பெண் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், இங்கே முன்பு நான் தேநீர் ஆற்றினேன் என்று சொன்னேன். "ஓ" என்றாள். நியாயம்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எதிர்க் கடையில் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். காப்பி மட்டும் மாறவில்லை. அதே கறுப்பு, அதே கசப்பு.

ஞாயிற்றுக்கிழமை ரெங்கத்து மாரியம்மன் கோயிலில் அன்னதானம். மாப்பிள்ளை வீட்டு உபயம். அங்கே சமையலுக்குத் தலைவி தனம் அக்கா. வயதுக்கு மீறிய சுறுசுறுப்பு. என்னை அறிமுகப்படுத்தியதும், "குளுவாங் மாஸ்டரா? உங்க சாம்பாருக்காகவே எங்க வீட்டுக்காரரு சைக்கிள்ல வருவாரே" என்றார். போதாதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய அண்டாவின் பொறுப்பை நானே வாங்கிக்கொண்டேன்.

கோயில் சமையலுக்கு ஒரு நியமம் உண்டு. அம்மனுக்குப் படைக்கும் முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. கையும் மூக்கும்தான் கணக்கு. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது பழைய ஆள் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். பேசிவிட்டுத் திரும்பினால், உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. தனம் அக்கா பக்கத்திலேயே பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். "அக்கா, நான் உப்புப் போட்டதப் பார்த்தீங்களா?" இந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. சைக்கிளில் வந்து சாப்பிட்ட சாம்பாரின் மாஸ்டர், உப்புப் போட்டது ஞாபகமில்லை என்று எப்படிக் கேட்பது? முருகா என்று சொல்லி அள்ளிப் போட்டேன்.

படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தது. முதல் வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. எல்லாரும் அடக்கமாகத் தண்ணீர் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "மாஸ்டர், பொந்தியான் கடல் தண்ணியிலயா வச்சீங்க?" என்று கேட்டார். தனம் அக்கா ஓடிப்போய் வேறு பருப்பு வேகவைத்து, பூசணிக்காயைக் கொட்டி, எப்படியோ இரண்டாம் பந்திக்குத் தேற்றிவிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"மொதல்லயே போட்டீங்க. நான் பார்த்தேன். என்னைய ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவீங்க? ரெண்டு கை தூரத்துலதான நின்னேன்" என்றார்.

சாமி காரியத்தில் இப்படிச் செய்துவிட்டோமே என்று எனக்கு உடம்பே கூசியது. அம்மன் முன்னால் போய் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது சரோஜா பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். மாப்பிள்ளை கொஞ்ச தூரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஓட்டினார். "கேக்குறதுக்கு வெக்கமா இருந்துச்சு மாப்ள, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"நானும் மூணு வாரமா அப்படித்தான் மச்சான்."

பாலோ என்ற ஊரில் ஒரு செம்பனை ஆலை. லாரியில் வருகிற குலைகளை எடை போட்டுப் பதிகிற புரோகிராம் ஒன்றைத்தான் இவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே உள்ள பழைய எடை மிஷினிலிருந்து எண் தானாக வந்து இதில் விழ வேண்டும். அந்தப் பகுதி மாப்பிள்ளையுடையது. அது வரவே மாட்டேன் என்கிறதாம். ஒரு நாள் வருகிறது, மறுநாள் தப்பாக வருகிறது.

"காலையில சாமி கும்புட்டுட்டு வந்து நின்னு, தடை எதுவும் இல்லன்னு பொய் சொல்றேன். அந்தப் பிள்ளைங்க முன்னால எனக்குத் தெரியலன்னு எப்படிச் சொல்றது? வேலைய விடறதே மேல்னு ஆயிருச்சு" என்றார்.

பெரட்டு, வரிசை என்று அவர் சொன்னதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இது கிடந்திருக்கிறது. சாம்பார் கறை பட்ட வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறவன் யாருக்கு என்ன சொல்வான்?

திங்கட்கிழமை பூசை மாடத்தின் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். ஒன்பது மணிக்குக் கூட்டம். அவர் முறை வந்தது. பேசினார். வழக்கமான மூன்று வரி இல்லை என்பது எனக்கே தெரிந்தது. சரோஜா மொழிபெயர்க்க மறந்து நின்றாள். நான் அவள் கையைத் தட்டினேன். "மூணு வாரமா நிக்குதாம்ணே. இத்தன நாள் மறைச்சுட்டேன்றாரு. ஒதவி வேணும்ன்றாரு" என்றாள்.

பிறகு ஒரு பெண் குரல், அந்த ஆங்கிலத்துக்கு நடுவே, சுத்தமாகத் தமிழில் வந்தது. கவிதா என்று பாலோவைச் சேர்ந்த பிள்ளை, அதே டீமில் இருக்கிறாள். "அண்ணே, நீங்க மாட்டிக்கிட்டு நிக்கிறது எனக்குப் போன வாரமே தெரியும்ணே. உங்ககிட்ட போயி எப்படிக் கேக்குறதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். மன்னிச்சிருங்க" என்றாள்.

மெய் லிங், "என்ன சொல்கிறாள், எனக்கும் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கைலியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவரை மரியாதையில் கேட்காமல் விட்டார்கள், பெரியவர் மானத்துக்காகச் சொல்லாமல் விட்டார். மரியாதை நல்ல பொருள்தான். அதுவும் உப்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. அன்று மதியம் மேலதிகாரி போன் செய்து, மூன்று வாரம் ஏன் மறைத்தாய் என்று கேட்டார். மாப்பிள்ளை நின்றபடியே கேட்டுக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து கவிதா நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள், வரும்போது இலையில் மடித்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு. இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். "இல்லண்ணே, நீங்க சொல்றது பழசு" என்பாள். "பழசுலதான்மா அந்த மிஷினே இருக்கு" என்பார் இவர். அவர் அடித்து எழுதிய தாள்கள் மேசை முழுக்கத் திறந்து கிடந்தன. நான் தேநீர் வைத்துவிட்டு வந்தேன். வியாழன் மாலை வரை அந்த மிஷின் வழிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, கடுதாசி கொடுக்கப் போவதாக மாப்பிள்ளை சொன்ன நாள். செய்ததை ஆலைக்காரருக்குக் காட்டுகிற கூட்டமும் அன்று காலை பத்தரைக்குத்தான். ஆலையிலிருந்து ரஹ்மான் என்பவர் திரையில் வந்தார். எஞ்சிக் ரஹ்மான் என்று எல்லாரும் மரியாதையாக அழைத்தார்கள். மலாயில் பேசியதால் எனக்கும் முக்கால்வாசி புரிந்தது. நடக்கிறதையெல்லாம் காட்டிவிட்டு, மாப்பிள்ளை தானாகவே, "இந்தப் பகுதி முடியவில்லை. பழைய தராசு ஒத்துவரவில்லை" என்று சொன்னார். ரஹ்மான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தத் தராசா? அதை அடுத்த மாதம் எடுத்துவிடுகிறோமே. புதிது வருகிறது, அதன் இணைப்பு அதோடேயே வரும். உங்கள் மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பினோம். உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்தது. மாப்பிள்ளை லேப்டாப்பை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மூணு வாரம் மச்சான்" என்றார். "வேணாம்னு தூக்கிப் போடப் போற மிஷினுக்கு."

முதல் வாரத்திலேயே வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். இனி நிச்சயம் கடுதாசிதான் என்று எனக்குப் பட்டது. அவமானமும் பட்டாயிற்று, உழைப்பும் வீணாயிற்று. சரோஜா சோறு வடித்துவிட்டு அவரைக் கூப்பிடவில்லை. நான் சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மலாய்க்காரப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து வந்ததும், மூன்று மணிக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குத் திட்டம் போடுகிற கூட்டம். மாப்பிள்ளை எழுந்து வந்தார், சட்டையை மாட்டினார், லேப்டாப்பைத் திறந்தார். புதுத் தராசு வந்ததும் செய்ய வேண்டிய வேலையைப் பற்றிப் பேசினார்கள். எத்தனை நாள் ஆகும் என்று மெய் லிங் அவரைத்தான் கேட்டாள். முன்பெல்லாம் அவர் யோசிக்காமல் ஒரு நாள் கணக்குச் சொல்லிவிட்டு, அதற்குள் முடிக்கத் தனியாக மாரடிப்பார் என்று சரோஜா சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தடவை அவர் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு கவிதாவைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"தெரியலம்மா. ஒக்காந்து பார்ப்போம், திங்கக்கெழம ரெண்டு பேருமா சொல்லுவோம்."

அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சரோஜா அதை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, திங்கக்கெழமன்றாரு" என்றாள்.